பட்டறிவே தகுதி: பியர் சப்போர்ட் என்றொரு வேலை

வேலைக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று. பெயர், முகவரி, படிப்பு எல்லாம் வழக்கம்போல. அதற்குக் கீழே ஒரு கேள்வி: உங்களுக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்து, அதிலிருந்து மீண்டு வந்த அனுபவம் உண்டா? "இல்லை" என்று டிக் அடித்தால் விண்ணப்பம் அதோடு முடிந்தது. "ஆம்" என்பவர்களுக்குத்தான் அந்த வேலை.

நம் ஊரில் இதைக் கேட்டால் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதுக்குப் போய்விடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாத குடும்பங்கள் உண்டு. அந்த நோயையே முதல் தகுதியாகக் கேட்கும் வேலை நமக்குப் பிடிபடச் சற்று நேரம் ஆகும். அமெரிக்காவில் அதற்குப் பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். சுருக்கமாகப் பியர். தமிழில் 'சக ஆதரவாளர்' என்று எழுதிப் பார்த்தேன், மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. பியர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பியர் டாக்டர் இல்லை, நோய் என்னவென்று சொல்ல மாட்டார், மருந்து எழுத மாட்டார். கவுன்சலரும் இல்லை, உங்கள் சிறுவயதைக் கிளறி ஆராய மாட்டார். அவர் செய்வது ஒன்றுதான். தான் விழுந்து எழுந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது விழுந்து கிடப்பவர் பக்கத்தில் உட்காருவார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

முதலில் 'மீண்டு வருவது' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம், இந்தத் துறையில் எல்லாம் அதில்தான் நிற்கிறது. நாம் 'குணமாகிவிட்டது' என்று சொல்வது அம்மை போனது, எலும்பு கூடியது போன்றவற்றை. சுகர் வந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டோம். அவருக்குச் சுகர் இருக்கிறது, காலையில் மாத்திரை போடுகிறார், கல்யாண வீட்டில் பாயசத்தை ஒதுக்கி வைக்கிறார், மற்றபடி கடை நடத்துகிறார், பேரப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறார். மனநோயிலும் மீண்டு வருவது பெரும்பாலும் இந்த மாதிரிதான். நோயின் சுவடு முழுதாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். வாழ்க்கை திரும்பக் கைக்கு வந்ததா என்பதே கேள்வி. ஆகவே பியர் வேலையில் இருப்பவர் இன்னும் மாத்திரை சாப்பிடுபவராக இருக்கலாம், எப்போதாவது இல்லாத குரல் காதில் கேட்பவராகவும் இருக்கலாம். அதனால் அவர் தகுதி குறைந்துவிடாது.

இனி ஒரு காட்சி. நான் கோத்துச் சொல்வதுதான், ஆனால் இதில் வருவது எதுவும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். பையனுக்கு 24 வயது. குரல்கள் கேட்கும் நோய். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. பார்க்க வந்திருக்கும் பியருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அந்த அம்மாவும் முப்பது வயதில் இரண்டு தடவை அதே போன்ற வார்டில் இருந்துவிட்டு வந்தவர். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு நாளாக மாத்திரை போடவில்லை என்கிறான் பையன்.

நர்ஸ் என்றால் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வார். பெற்ற தாய் என்றால் அழுவார், இல்லாவிட்டால் கத்துவார். பியர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"நானும் ஒருதரம் நிறுத்தினேன். மத்தியானம் வரைக்கும் கண்ணே திறக்க முடியாது, வேலை போயிடுமோன்னு பயம். உங்களுக்கு என்ன பண்ணுது?"

பையன் உடனே பேசவில்லை. பிறகு சட்டையைத் தூக்கிப் பேண்ட் இடுப்பைக் காட்டுகிறான். பொத்தான் எட்டவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறான். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ ஏறிவிட்டது.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் பத்து நிமிஷம்தான் பார்ப்பார். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துடுது."

பியர் கைப்பையைத் துழாவி ஒரு மளிகைக் கடை ரசீதை எடுக்கிறார். அதன் முதுகில் பையனே எழுதுகிறான். உடம்பு எடை கூடுகிறது. நாலு நாளாகப் போடவில்லை. வேறு மருந்து உண்டா? மூன்று வரி. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இதைத் தள்ளிப் போட வேண்டாம், இப்போதே கிளினிக்கைக் கூப்பிட்டு இந்த மூன்றையும் படித்துவிடலாமா என்று கேட்கிறார். ஃபோனில் பேசியது பையன்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே.

பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. ஆனால் எதை எல்லாம் அவர் செய்யாமல் விட்டார் என்று பாருங்கள். மாத்திரை போடு என்று சொல்லவில்லை, நிறுத்தினது சரி என்றும் சொல்லவில்லை. தனக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று வாயைத் திறக்கவில்லை. தன் சொந்தக் கதையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பேச்சை அவனிடம் திருப்பிவிட்டார். கிளினிக்கில் அவனுக்காகப் பேசவும் இல்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்போம். பியர் வேலையில் பாதி அந்தப் பழமொழி. மறுபாதி அதை எதிர்த்துப் பேசும்: எனக்கு வந்த தலைவலி எனக்கு வந்தது, அதை வைத்து உன் தலைவலியை நான் அளக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதல் பாதி அவர்களிடம் நிறைய இருக்கும். எதிரில் இருப்பவர் "தூக்கம் வரலை" என்று ஆரம்பித்த உடனே, தங்களுடைய தூக்கம் வராத வருடங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிடுவார்கள். "நான் நடைப்பயிற்சியிலதான் சரியானேன், நீங்களும் காலைல நடங்க" என்று முடிப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வந்தவர் காதில் விழுவது, 'இவரால் முடிந்தது, நம்மால் முடியவில்லை' என்பது. எந்த இடத்தில், எவ்வளவு, யாருக்காகத் தன் கதையைச் சொல்வது என்பதுதான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தரும் பாடம். அந்தக் கதை தனக்கே இன்னும் ரணமாக இருந்தால் அதை வெளியே எடுக்க வேண்டாம் என்பதும் அதில் சேர்த்தி.

சரி, இப்படி ஒரு வேலை எங்கிருந்து முளைத்தது?

நோயிலிருந்து எழுந்தவரையே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வைப்பது பழைய யோசனை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாரீஸின் பிசேத்ர் மனநோய் விடுதியைக் கவனித்துக்கொண்ட ழான்-பப்திஸ்த் புஸ்ஸேன் என்பவர், தேறி வந்த நோயாளிகளையே அங்கே பணியாளர்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது காரணங்களில் ஒன்று. 1935-இல் ஓஹையோவின் ஏக்ரனில் இரண்டு குடிகாரர்கள் சந்தித்துப் பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அந்தக் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன, பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பட்டறிவுக்கு அரசுக் காப்பீட்டிலிருந்தே சம்பளம் என்ற இடத்துக்கு வர இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அது நடந்த இடம் ஜார்ஜியா, வருடம் 1999.

ஜார்ஜியாவில் மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் சென்ட்ரல் ஸ்டேட் ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. 1960-களில் அங்கே ஏறத்தாழ 12,000 பேர் இருந்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய மனநல ஆஸ்பத்திரிகளில் ஒன்று. உள்ளே போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அந்த வளாகத்தில் சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கணக்கு. கல்லறையில் பெயர் கிடையாது. இரும்பில் வார்த்த ஒரு சிறிய குச்சி, அதில் ஓர் எண். பிற்காலத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றையும் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். 1997-இல் அதே மாநிலத்தில் மனநல சிகிச்சை பெற்றவர்கள் கூட்டாகப் போய் அந்தக் கோலத்தைப் பார்த்தார்கள். இடத்தைச் சுத்தம் செய்து, கிடைத்த இரும்புக் குறிகளைச் சேர்த்து நிறுத்தி நினைவிடம் எழுப்பும் வேலையைக் கையில் எடுத்தார்கள். தங்களுக்குள் சங்கமாகத் திரண்டிருந்த இவர்களில் முன்னின்றவர்களில் ஒருவர் லாரி ஃப்ரிக்ஸ். நோயாளிகள் நோயாளிகளுக்குத் துணை நிற்பதை மாநில அரசு சேவையாக ஏற்றுப் பணம் கொடுக்க வேண்டும் என்று வாதாடியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்கு இந்த இரண்டும் தனித்தனிச் செய்தியாகத் தெரியவில்லை. எண்ணாகப் புதைக்கப்பட்டவர்களின் இடத்தைத் தேடிப் போனவர்கள்தான், உயிரோடிருப்பவர்களை எண்ணாக விடக் கூடாது என்று கிளம்பியிருக்கிறார்கள்.

1999-இல் வறியவர்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டிலிருந்து பியர் சேவைக்கெனத் தனியாகப் பணம் வாங்கிய முதல் மாநிலம் ஜார்ஜியா. அதே வருடம் ஜூன் 22-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கும் ஜார்ஜியாவிலிருந்து போனதுதான். லோயிஸ் கர்ட்டிஸ், எலைன் வில்சன் என்ற இரண்டு பெண்கள், வெளியே வாழலாம் என்று டாக்டர்களே சொன்ன பிறகும் ஆஸ்பத்திரியிலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். வெளியே வாழக் கூடியவரை, அவரும் அதை விரும்பும்போது, தேவையில்லாமல் உள்ளே வைத்திருப்பது பாரபட்சம் என்றது நீதிமன்றம். ஓம்ஸ்டெட் தீர்ப்பு என்பார்கள். லோயிஸ் கர்ட்டிஸ் பின்னால் ஓவியரானார். 2011-இல் வெள்ளை மாளிகைக்குப் போய்த் தன் ஓவியத்தை ஒபாமாவிடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக் கதவு திறந்துவிட்டது, சரி. வெளியே வந்தவருக்கு வாடகை வீடு யார் தேடுவது, பஸ்ஸில் ஏற பயப்படுகிறவரோடு யார் ஏறுவது, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்தை எப்படிக் கழிப்பது? சமூகத்துக்குள்ளேயே மனநல சிகிச்சை என்கிறோமே, அது இந்த மாதிரிச் சில்லறைக் கேள்விகளில்தான் நிற்கும், விழும். பியர் தேவைப்பட்டது அங்கேதான். 2007 ஆகஸ்டில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது: மெடிகெய்டில் பியர் சேவைக்குப் பணம் தரலாம், ஆனால் மேற்பார்வை இருக்க வேண்டும், சிகிச்சைத் திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது.

சான்றிதழ் பெறும் வழி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அனுபவம் உண்டு என்று தானே சொல்ல வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். கலிஃபோர்னியா 80 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. 2023-இல் மத்திய அரசின் மனநல முகமை வெளியிட்ட மாதிரி வரையறை 40 முதல் 60 மணி நேரம் போதும் என்கிறது. பாடத்தில் என்ன இருக்கும்? எப்படிக் கேட்பது, எப்படிக் குழு நடத்துவது, ரகசியம் காப்பது, நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது. பல இடங்களில் ராப் என்ற திட்டத்தையும் சொல்லித் தருகிறார்கள். அது வெர்மான்ட் மாநிலத்தில் 1997-இல் மேரி எல்லன் கோப்லண்டும் அவரோடு இருந்த நோய்ப்பட்டவர்களும் சேர்ந்து உருவாக்கியது. நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து, தனக்குச் சரியில்லாமல் போவதன் முதல் அறிகுறிகளைத் தானே எழுதி வைப்பது அதன் உயிர். ஒருவருக்கு அது பிரிக்காமல் மேஜையில் குவியும் கடிதங்கள். இன்னொருவருக்கு, சிங்க்கில் மூன்று நாள் கிடக்கும் பாத்திரம். தங்கை ஃபோன் செய்தால் எடுக்கத் தோன்றாதது மற்றொருவருக்கு. ரொம்ப மோசமானால் யாரைக் கூப்பிடுங்கள், எந்த ஆஸ்பத்திரி வேண்டாம், பூனைக்கு யார் சோறு வைப்பது என்பதுவரை அதில் இருக்கும்.

வேலை என்று வந்துவிட்டால் கூடவே வருவது பேப்பர். மெடிகெய்டு பில்லில் பியர் சேவைக்கு ஒரு குறியீட்டு எண் உண்டு, எச் 0038. அதன் அளவு 15 நிமிடம். வாசற்படியில் நடந்த அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் என்றால் மூன்று யூனிட். ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுத வேண்டும், அது சிகிச்சைத் திட்டத்தின் எந்த இலக்கோடு சேருகிறது என்று காட்ட வேண்டும். "இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்" என்று எழுத முடியாது, அன்றைக்கு அதுவே மருந்தாக இருந்திருந்தாலும். நல்ல பியர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குறிப்பை அந்த நபரின் எதிரிலேயே, அவரோடு சேர்ந்தே எழுதுகிறார்கள். "இன்னிக்கு நாம என்ன பண்ணோம்னு போடலாம்?" என்று கேட்கிறார்கள். தன்னைப் பற்றி ஃபைலில் என்ன எழுதுகிறார்கள் என்று வருடக்கணக்கில் தெரியாமலே இருந்தவருக்கு அந்தக் கேள்வி சின்ன விஷயமில்லை.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் பியர் மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். பின்னால் சொன்னால் துரோகமாகத் தெரியும், முன்னால் சொன்னால் ஒப்பந்தம். அப்புறம் பணம் கொடுக்கல் வாங்கல், ராத்திரி இரண்டு மணிக்குச் சொந்த எண்ணில் பேசுவது போன்றவை. நண்பன் மாதிரி இருந்தாலும் சம்பளம் வாங்குகிற நண்பன் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்க வேண்டும். இந்த உறவில் கொஞ்சம் கோணல் இருக்கத்தான் செய்கிறது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை.

இதனால் பலன் உண்டா என்றால், உண்டு என்று நம்புகிறவன் நான். ஆனால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் நெருக்கடி சிகிச்சை முடிந்து வெளியே வந்த 441 பேரில் ஒரு பாதிக்கு, பியர் ஒருவர் கூட இருந்து தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கையேட்டை நிரப்ப உதவினார். மறுபாதிக்குக் கையேடு மட்டும் தபாலில் போனது. ஒரு வருடத்துக்குள் திரும்பவும் தீவிர சிகிச்சைக்கு வந்தவர்கள் முதல் குழுவில் 29 சதவீதம், இரண்டாவதில் 38 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் 2022-இல் அதே நாட்டில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் பியர் துணை கொடுத்தும் மறுசேர்க்கை குறிப்பிடும்படி குறையவில்லை. என்னைக் கேட்டால், ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாரா என்பது ஒரு அளவுகோல்தான். நம்பிக்கை வந்ததா, தனியாக இல்லை என்று தோன்றியதா என்பதை அது அளக்காது. ஆனால் பணம் கொடுக்கும் அரசு கேட்பது முதல் அளவுகோலைத்தான், அதிலும் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில்? இப்படி ஒரு சம்பள வேலை இன்னும் இங்கே பரவலாக வேர் பிடிக்கவில்லை. 2014 முதல் குஜராத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டிரைட்ஸ் திட்டத்தின் கீழ், அரசு மனநல ஆஸ்பத்திரிகளில் நோயிலிருந்து மீண்டவர்களைப் பியர் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். சென்னையில் 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பின் ஹோம் அகெய்ன் திட்டத்தில், ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் இருந்த பெண்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். அது பியர் வேலை என்ற பெயரில் நடப்பதில்லை. ஆனால் மாத்திரை நேரத்தை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்துவதும், ஒருத்திக்கு மனசு சரியில்லாத நாளில் இன்னொருத்தி சமைப்பதும் அதன் இன்னொரு வடிவம்தானே. சட்டமும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நோய் முற்றினால் தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ராப் திட்டத்தின் கடைசிப் பக்கங்களுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதை எழுதிப் பார்க்க யார் பக்கத்தில் உட்காருவது என்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஏர்வாடியின் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் வெந்து இறந்த மாநிலம் இது. நோய்ப்பட்டவர் சொல்வதைக் கேட்க யாருமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவிலோ வேறெங்கோ இருந்துகொண்டு, இந்த வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு நடைமுறைக்கு ஒரு விஷயம். சம்பளம் குறைவு என்ற புகார் எல்லா இடத்திலும் உண்டு, அதைத் தெரிந்தே போங்கள். அதைவிட ஆளைத் தின்பது தனிமை. பத்து டாக்டர், நர்ஸ், சோஷியல் வொர்க்கர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் பியர் ஒரே ஒருவர். "அந்த கேஸ் ரொம்ப மோசம்" என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்வார்கள், பதினைந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கேஸ் நீங்களாக இருந்திருப்பீர்கள். நீங்கள் ஒருநாள் லீவு போட்டால், உடம்பு சரியில்லையா அல்லது 'அதுவா' என்று பார்வை வரும். சிலர் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் மாதிரியே பேசப் பழகி, பியர் என்ற பெயரில் அரைகுறை கேஸ் மேனேஜராகிவிடுகிறார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் இடங்களில் மேலதிகாரிகளுக்கும் அதுவே வசதி: கார் ஓட்ட, ஃபாரம் நிரப்ப, மாத்திரை போட்டாரா என்று உளவு பார்க்க.

அதனால் இன்டர்வியூவில் கடைசியாக "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா" என்பார்களே, அப்போது மூன்றைக் கேளுங்கள். இங்கே வேறு பியர் யாராவது இருக்கிறாரா? என் மேற்பார்வையாளர் பியராக வேலை பார்த்தவரா? எனக்கே சரியில்லாமல் போனால் மற்ற ஊழியருக்குக் கொடுக்கும் அதே லீவுதானே எனக்கும்? பதில் என்ன வருகிறது என்பதோடு, பதில் சொல்லும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்றும் கவனியுங்கள்.